‘1962’ என்று அச்சான கிட்டாரின் விலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய இசைக்கருவிகளைச் சேகரிப்போர் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற மாதம் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். வீணையையும் ஆர்மோனியத்தையும் பற்றி அதில் எழுதப்பட்டவற்றைக் குறித்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அதே பக்கத்தில், ‘1962-ஆம் ஆண்டின் ஃபெண்டர் ஸ்ட்ரேடோகாஸ்டர், இன்றைய மதிப்பு நாலரை லட்சம் ரூபாய்’ என்ற குறிப்போடு ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரின் முன்பக்கமும் பின்பக்கமும் படமாக வந்திருந்தன. பின்பக்கப் படத்தில், கிட்டாரின் கழுத்தான நெக்கும் உடலான பாடியும் சேரும் இடத்திலுள்ள உலோகத் தகட்டில் மூன்று திருகுகள் தெளிவாகத் தெரிகின்றன. 1962-இல் கலிஃபோர்னியாவில் ஃபெண்டர் நிறுவனம் செய்த ஸ்ட்ரேடோகாஸ்டர்களில் அந்தத் தகடு நான்கு திருகுகளால்தான் இறுக்கப்பட்டிருந்தது. மூன்று திருகு முறை 1971-இல் வந்தது. முன்பக்கப் படத்தில் கிட்டாரின் தலைப்பகுதியும் அகன்று பெரிதாக இருக்கிறது. அந்தத் தலையை அவர்கள் பெரிதாக்கியதே 1965-இன் இறுதியில்தான். ஆகவே குறிப்பில் உள்ள ஆண்டை அதன் மேலே உள்ள படமே மறுக்கிறது.

ஓர் ஆண்டு பிசகியதற்கு இவ்வளவு நீளமான கடிதமா என்று தாங்கள் நினைக்கலாம். படத்தைப் பார்த்த அன்று எனக்கும் எழுதும் எண்ணம் இருக்கவில்லை. நான் பாளையங்கோட்டைக்காரன். நாற்பது ஆண்டுகளாக மெல்லிசைக் குழுக்களிலும், கோயில் கொடைகளிலும், அசனப் பண்டிகைகளிலும் கிட்டார் வாசித்து வந்தவன். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக வாசிப்பது குறைந்து, பிறருடைய கருவிகளைப் பழுது பார்ப்பது கூடிவிட்டது. பழைய கிட்டார் வாங்கப் போகிறவர்கள் என்னைத் துணைக்கு அழைப்பது உண்டு. அப்படித்தான் இரண்டு வாரங்களுக்கு முன் வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். அவர் கையில் தங்கள் நாளிதழின் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் எடுத்த படம் இருந்தது. திசையன்விளைக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் அந்தக் கிட்டார் விற்பனைக்கு இருக்கிறது என்றும், உரிமையாளர் தங்கள் பக்கத்தை வெட்டி லேமினேஷன் செய்து கிட்டார் பெட்டிக்குள் வைத்து, வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார் என்றும் சொன்னார். ஒரு கட்டுரையாளரின் மூன்று வரிக் குறிப்பு விலைச் சான்றிதழாக மாறிவிட்ட பின் பேசாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். உரிமையாளர் நல்ல மனிதர். கருப்பட்டிக் காப்பி கொடுத்து உட்காரவைத்துவிட்டு, நான் திருகுளியைப் பையிலிருந்து எடுத்ததும் மட்டும் முகம் சுருங்கினார். “அண்ணாச்சி, பேப்பர்லயே வந்துட்டு, இனி என்ன பாக்கணும்?” என்று கேட்டார். மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவன், தரகர் சொல்கிற வயதைக் கேட்டுக்கொண்டாலும், வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் துண்டுக்குள் கைவிட மாட்டான் அல்லவா என்றேன். அவர் சிரித்துவிட்டு, தானே ஒரு பாயை விரித்துக் கிட்டாரை அதன் மேல் வைத்தார்.

அந்தப் பாயின் மேல் நாங்கள் பார்த்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் பழைய எலெக்ட்ரிக் கிட்டாரின் நியாயமான விலை வெளியே தெரியும் பளபளப்பிலோ, அதோடு சேர்ந்து வரும் கதையிலோ இருப்பதில்லை. திருகுகளைக் கழற்றினால்தான் தெரியும் இடங்களில் இருக்கிறது. பின்தகட்டில் பொறித்திருக்கும் வரிசை எண்ணையே பலரும் பிறப்புச் சான்றிதழ் போல நம்புகிறார்கள். அந்த எண் அவ்வளவு நம்பிக்கைக்கு உரியதல்ல. அந்தத் தகட்டைக் கழற்றி வேறொன்றை மாட்ட ஐந்து நிமிடம் போதும். தொழிற்சாலையிலேயே தகடுகளை எண் வரிசைப்படி எடுத்துப் பொருத்தவில்லை. கைக்கு வந்த தகட்டை மாட்டினார்கள். அதனால் ஒரே எண் வரிசை இரண்டு மூன்று ஆண்டுகளில் பரவிக் கிடக்கிறது. 1976-இல்தான் எண்ணைத் தலைப்பகுதிக்கு மாற்றினார்கள்.

நம்பத்தக்க சான்று, வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கிறது. முன்பக்கப் பிளாஸ்டிக் தகட்டின் திருகுகளைக் கழற்றித் திருப்பினால், மெக்கானிக்குகள் ‘பாட்’ என்று சொல்லும் சிறிய வட்டமான கன்ட்ரோல்கள் மூன்று தெரியும். அவற்றின் முதுகிலோ விளிம்பிலோ ஓர் எண் அச்சடித்திருக்கும். அமெரிக்கப் பாட்களில் அதன் முதல் மூன்று இலக்கங்கள் அந்தப் பாட்டைச் செய்த நிறுவனத்தைக் குறிப்பவை: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. கடைசி இரண்டும் அந்த ஆண்டின் வாரம். ஐம்பதுகளின் பாட்களில் ஆண்டுக்கு ஓர் இலக்கம் மட்டுமே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. எங்கள் முன் இருந்த கிட்டாரில் இரண்டு பாட்களில் 1377312 என்று இருந்தது. அதாவது 1973-ஆம் ஆண்டின் பன்னிரண்டாவது வாரம், மார்ச் மாதக் கடைசி. மூன்றாவது பாட் நம்மூர் ரேடியோ கடைச் சரக்கு. எண் ஏதும் இல்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பாட்டின் எண் அந்தப் பாட் பிறந்த நாளைச் சொல்கிறதே ஒழிய, கிட்டார் பிறந்த நாளைச் சொல்வதில்லை. அந்த நாளுக்கு முன் கிட்டார் செய்யப்பட்டிருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. 1966-இல் ஃபெண்டர் நிறுவனம் பெரும் எண்ணிக்கையில் பாட்களை வாங்கிக் குவித்தது. அடுத்த சில ஆண்டுகளுக்கு அவற்றையே பயன்படுத்தியது. அதனால் 1968, 1969-இன் கிட்டார்களுக்குள்ளும் 66 என்ற ஆண்டு தென்படுவது இயல்பு. அவற்றை 1966-இன் கிட்டார் என்று சொல்லி விற்பவர்களில் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் அல்லர். பாதிப் பேர் பாட்டை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டவர்கள். ஆகையால் நெக்கைக் கழற்றி, அதன் அடிப்பாகத்தில் மையால் குத்தியிருக்கும் முத்திரையையும் பார்த்து, இரண்டும் அண்மையில் நிற்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். இந்தக் கிட்டாரில் முத்திரை பாதி அழிந்திருந்தாலும் 73 என்பது தெரிந்தது. பாட்டும் நெக்கும் பின்தகட்டின் மூன்று திருகுகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அது 1973-இன் கிட்டார். அசல் அமெரிக்கக் கிட்டார் என்பதிலும் எனக்கு ஐயம் இல்லை.

அப்படியானால் 1962 எங்கிருந்து வந்தது? கப்பலில் வேலை பார்த்த தம்முடைய பெரியப்பா சிங்கப்பூரில் வாங்கி வந்தது என்று உரிமையாளர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, உள்ளறையிலிருந்து அவருடைய பெரியம்மா குரல் கொடுத்தார்: “அறுவத்திரெண்டு அவுக கப்பலுக்குப் போன வருசம்லா!” எல்லோரும் அமைதியானோம். அந்த ஆண்டு அந்த வீட்டில் எத்தனையோ முறை பெருமையோடு சொல்லப்பட்டு, நாளடைவில் மனிதரிடமிருந்து கழன்று கருவியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இதில் பொய் சொன்னவர் யாரும் இல்லை.

இந்தப் பதினோரு ஆண்டு வேறுபாடு விலையில் ஏன் இவ்வளவு பெரிது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை சி.பி.எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதற்கு முன் செய்தவை கைத்திறன் மிக்கவை என்றும், பின் செய்தவை எண்ணிக்கையைப் பெருக்குவதற்காகச் செய்தவை என்றும் ஒரு கருத்து நிலைபெற்று, ‘சி.பி.எஸ்.ஸுக்கு முந்தியது’ என்பதே ஒரு தனி விலையாகிவிட்டது. அந்தக் கருத்தில் மிகை உண்டு என்பது என் எண்ணம். 1973-இன் நல்ல கிட்டாரும் உண்டு, 1962-இன் சோம்பிய கிட்டாரும் உண்டு. ஆனால் சந்தை என் எண்ணத்தைக் கேட்பதில்லை. முழுதும் அசலான 1962-இன் கிட்டார், அதே அளவு அசலான 1973-இன் கிட்டாரைப் போலச் சில மடங்கு விலை பெறும். தங்கள் குறிப்பில் உள்ள நாலரை லட்சம் என்ற தொகை இரண்டு ஆண்டுகளில் எதற்குமே பொருந்தவில்லை என்பதைத்தான் கட்டுரையாளர் முதலில் கவனித்திருக்க வேண்டும். கெடாத 1962-இன் ஸ்ட்ரேடோகாஸ்டருக்கு அது நம்ப முடியாத மலிவு; மாற்றங்கள் கண்ட 1973-இன் கிட்டாருக்கு அது மிக அதிகம். மலிவும் ஓர் எச்சரிக்கை என்பதை நகைக்கடையில் உணர்கிற நாம் இங்கே உணர்வதில்லை.

மாற்றங்கள் கண்டது என்றேன். அதில் முதன்மையானது பெயின்ட். கிட்டார் இப்போது கறுப்பாக, கண்ணாடிபோல் மின்னுகிறது. ஐம்பதாண்டு கடற்காற்றில் இருந்த கருவி அப்படி மின்னுவதே கேள்விக்குரியது. நெக் பொருந்தும் குழிக்குள்ளும், கம்பிகளின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளுக்கு அடியிலும் பார்த்தபோது, கறுப்புக்குக் கீழே பழைய வெள்ளை நிறம் தெரிந்தது. தொண்ணூறுகளில் நாகர்கோவிலில் ஒரு கார் பட்டறையில் கொடுத்து அடித்தது என்று உரிமையாளரே ஒப்புக்கொண்டார். கள்ளநோட்டு பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கு ஒன்றை நான் எப்போதும் கொண்டுபோவேன். அறையை இருட்டாக்கி அந்த ஒளியைக் காட்டினால், நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் என்னும் மெருகுப்பூச்சு வயதேறியிருந்தால் மஞ்சளும் பச்சையும் கலந்தாற்போல் ஒளிரும். பின்னால் ஒட்டுப்போட்ட இடங்கள் கரும்திட்டுகளாக நிற்கும். 1968 வாக்கில் ஃபெண்டர் பாடிக்குத் தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறினாலும், தலையின் முகப்புக்கு மட்டும் பழைய லாக்கரையே வைத்துக்கொண்டது. அந்த முகப்பு இந்தக் கிட்டாரில் அழகாக ஒளிர்ந்தது. பாடி சத்தமே இல்லாமல் இருண்டு கிடந்தது. பழைய கிட்டாரை மறுபடி பெயின்ட் அடித்தால், எவ்வளவு நேர்த்தியாக அடித்தாலும், விலை ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது இந்தத் தொழிலில் எங்கும் ஏற்றுக்கொண்ட கணக்கு. வீட்டுக்கு வெள்ளையடித்து விற்கிற பழக்கத்தில், விற்பதற்கு முன் கிட்டாரையும் ‘பாலிஷ்’ போட்டுவிடுகிற நம் ஊர் நண்பர்கள் இதை அறிய வேண்டும். உதிர்ந்து, வெடித்து, நிறம் மங்கி நிற்கிற அசல் பூச்சுக்குத்தான் பணம்.

அடுத்தது பிக்கப். ஸ்ட்ரேடோகாஸ்டரில் மூன்று பிக்கப்புகள். அவற்றின் மின்தடையை எந்த ரேடியோ மெக்கானிக்கும் வைத்திருக்கும் மல்டிமீட்டரால் அளக்கலாம்; அந்தக் காலத்து அசல் பிக்கப்புகள் பெரும்பாலும் ஐந்தரையிலிருந்து ஆறரை கிலோ ஓமுக்குள் நிற்கும். இங்கே இரண்டு அப்படி நின்றன. நடுவில் உள்ளது ஏழுக்கு மேல் காட்டியது. திருப்பிப் பார்த்தால் கம்பி புதிது, சால்டரிங் வைத்த இடமும் மொத்தையாக இருந்தது. யாரோ மறுபடி சுற்றியிருக்கிறார்கள். தவறில்லை, ஒலி கேட்கிறது. ஆனால் அசல் விலையைக் கேட்கும் உரிமை அதோடு போயிற்று. பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்சும் மாறியிருந்தது. 1977-க்கு முந்திய ஸ்ட்ரேடோகாஸ்டர்களில் மூன்று நிலை சுவிட்ச்தான். இதில் ஐந்து நிலை. வாசிப்பவனுக்கு அது வசதி என்பதாலும், பழைய சுவிட்ச்சை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்பதாலும் அதற்கு நான் ஒன்றும் கழிக்கவில்லை. கழற்றிய பழைய உதிரிகளை எறியாமல் வைத்திருப்பது எவ்வளவு பணம் என்பதை அந்தத் தீப்பெட்டி எனக்கு மறுபடி நினைவூட்டியது.

கடலோரக் கிட்டார்களுக்கு வேறொரு பரிசோதனையும் வேண்டும். உவரி, மணப்பாடு பக்கமிருந்து வருகிற எந்தக் கருவியிலும் உப்புக்காற்றின் வேலை இருக்கும். பிரிட்ஜில் கம்பிகள் தங்கும் சிறிய சேடில்களின் உயரத் திருகுகள் துருவில் இறுகிப்போய், சாவி திரும்பாமல் நிற்கும். இந்தக் கிட்டாரில் ஆறு சேடில்களில் நான்கின் திருகுகள் திரும்பவில்லை. நெக்கின் உள்ளே ஓடும் இரும்புத் தண்டு, அதாவது டிரஸ் ராட், திரும்புகிறதா என்பது அதைவிட முக்கியம். அது உடைந்தோ இறுகியோ போயிருந்தால், வளைந்த நெக்கை நிமிர்த்த வழியே இல்லாமல் போகும். நல்லவேளையாக அது திரும்பியது. நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் முதல் ஐந்து இடங்களில் பள்ளமாகித் தேய்ந்திருந்தன. மாட்டின் பல் தேய்மானம் வயதைச் சொல்வதுபோல, ஃப்ரெட் தேய்மானம் அது எவ்வளவு வாசிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். மாற்ற ஒரு செலவு உண்டு என்பதைத் தவிர அதைக் குறையாக நான் கருதுவதில்லை. மீன் நிறுக்கும் தராசில் தூக்கிப் பார்த்தோம். நாலு கிலோ நூறு கிராம். எழுபதுகளில் அவர்கள் கனமான ஆஷ் மரத்தை நிறையப் பயன்படுத்தியதற்கு அது ஒத்துவருகிறது. விடியவிடியக் கொடைக் கச்சேரியில் தோளில் மாட்டி நிற்கப்போகிறவர் யோசிக்க வேண்டிய எடையும் அதுவே.

இனிக் கணக்கு. விற்பனைத் தளங்களில் ஆளுக்கொரு விலை போட்டிருப்பதைக் காட்டி, ‘பாருங்கள், எட்டு லட்சம்’ என்பார்கள். அது கேட்கும் விலை. எனக்குத் தெரிய ஒரு கிட்டார் நான்கு ஆண்டுகளாக அதே எட்டு லட்சத்தோடு அதே பக்கத்தில் தூங்குகிறது. விற்று முடிந்த விலைகளைக் காட்டும் தளங்களும் இருக்கின்றன. அதே ஆண்டு, அதே நிலை, கடந்த ஓராண்டுக்குள் முடிந்தவை என்று தேடி, நான்கைந்தை எடுத்து, அவற்றின் நடுவில் நிற்பதைத்தான் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தபோது, முழுதும் அசலாக இருந்திருந்தால் இந்தக் கிட்டார் சுமார் மூன்று லட்சத்தைத் தொட்டிருக்கும் என்பது என் மதிப்பீடு. பெயின்ட்டுக்காகப் பாதி போனால் ஒன்றரை லட்சம். சுற்றிய பிக்கப், துருவேறிய பிரிட்ஜ், ஃப்ரெட் செலவு, சுருதியை அசைக்கும், இல்லாமல்போன ட்ரெமலோ கைப்பிடி எல்லாவற்றுக்கும் இருபதாயிரம் கழித்தேன். அசல் பெட்டி இருப்பதற்குப் பத்தாயிரம் கூட்டினேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று தாளில் எழுதி இருவர் முன்னும் வைத்தேன்.

உரிமையாளர் உடனே ஒரு நியாயமான கேள்வி கேட்டார். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் விமானக் கூலி, சுங்க வரி எல்லாம் சேருமே, அதை இங்கே இருக்கிற கிட்டாரின் விலையோடு ஏன் சேர்க்கக்கூடாது என்றார். ‘நீ வரவழைத்தால் எவ்வளவு ஆகும்’ என்பது விற்பவர் கணக்கு. ‘நாளை நான் விற்கப்போனால் எவ்வளவு கிடைக்கும்’ என்பது வாங்குபவர் கணக்கு. நியாய விலை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஆனால் நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் இடையே இப்படிப்பட்ட கிட்டாருக்குப் பணம் வைத்திருப்பவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம் என்பதால், நம் பக்கத்தில் வாங்குபவர் கணக்குக்கே கூடுதல் எடை கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சென்னையிலோ பெங்களூரிலோ வைத்து விற்றால் பதினைந்து இருபதாயிரம் கூடக் கிடைக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

வெளிநாட்டுக்காரனுக்கு விற்றால் பத்து லட்சம் கிடைக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இதில் மரமே குறுக்கே நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அறுபதுகளின் தொடக்கத்து ஃபெண்டர் கிட்டார்களில் ஃப்ரெட்போர்டு, அதாவது நெக்கில் விரல் பதிக்கும் பலகை, பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல் அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதித் தாள்கள் இல்லாமல் அதை எல்லை தாண்டி அனுப்ப முடியாது. பின்னாளில் ஃபெண்டர் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் ஈட்டி மரம்தான் அது. தோதகத்தி என்றும் சொல்வார்கள். 2019-இல் நடந்த ஒப்பந்தத் திருத்தத்துக்குப் பிறகு அந்த மரத்தில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. எனவே இது 1962 என்று உரிமையாளர் எவ்வளவுக்கு எவ்வளவு வலியுறுத்துகிறாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதை வெளிநாட்டுக்கு விற்பது சிக்கலாகும். இதைச் சொன்னபோது அவரே சிரித்துவிட்டார்.

இவ்வளவு விவரம் பேசுகிற நானும் ஏமாந்தவன்தான். 1993-இல் ஒரு ஹோட்டல் இசைக்குழுவில் வாசித்தவரிடமிருந்து கிப்சன் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ‘லெஸ் பால்’ என்று ஒரு கிட்டாரை, மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கினேன். தலையின் வடிவம், பொன்னிறம், பெயர் எல்லாம் சரியாகவே இருந்தன. வீட்டில் வந்து திருப்பிப் பார்த்தபோது நெக்கின் பின்னால் நான்கு திருகுகள் இருந்தன. லெஸ் பாலின் நெக் பசை போட்டு ஒட்டியது. அங்கே திருகுக்கு வேலையே இல்லை. அது எழுபதுகளில் ஜப்பானில் செய்த நகல். அந்த நாட்களில் ஜப்பானிய நகல்கள் அவ்வளவு பெருகியிருந்தன. தலை வடிவத்தை நகலெடுத்ததற்காக ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்தின் மீது கிப்சனின் தாய் நிறுவனம் 1977-இல் வழக்கே போட்டது. இன்று எந்தப் பழைய ஜப்பானியக் கிட்டாரைக் கண்டாலும் ‘லாசூட் மாடல்’, அதாவது வழக்கு மாடல், என்று சொல்லி விலை ஏற்றுவது அந்த ஒரு வழக்கின் நிழலில்தான். என் கிட்டாரை நான் விற்கவில்லை. நகலாக இருந்தாலும் நன்றாகச் செய்த கருவி. முப்பது ஆண்டுகள் எனக்குச் சோறு போட்டது. அந்த வளையலைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு வருகிறது என்பது வேறு.

எங்கள் தலைமுறை கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிட்டாரில் பிக்கப் மாட்டிப் பழகியது. 1991-க்கு முன் வெளிநாட்டு எலெக்ட்ரிக் கிட்டார் என்பது கப்பல்காரர்களும் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும் கொண்டுவந்தால்தான் உண்டு. அதனால் நம் பக்கத்து வீடுகளின் பரண்களில் இன்னும் சில நல்ல கருவிகள் கிடக்கின்றன என்று நம்புகிறேன். விலையைக் கூட்டிச் சொல்வது போலவே குறைத்துச் சொல்வதும் நடக்கிறது. ஒரு தேவாலயத்தில், வயலின் வடிவத்தில் இருந்த பழைய ஹோஃப்னர் பேஸ் கிட்டார் ஒன்றைப் பழைய நாற்காலிகளோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் வாங்கி உலகப் புகழாக்கிய மாடல் அது. எடைக்குப் போட்டவர்களுக்குக் கிடைத்தது முந்நூறு ரூபாய்க்கும் குறைவு. அதைக் கேள்விப்பட்டபோது வந்த வருத்தமும் இந்தக் கடிதத்துக்கு ஒரு காரணம். திறந்து பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் அந்தக் கோயிலுக்கும் ஒரு வருமானம் கிடைத்திருக்கும்.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. அந்தப் படக்குறிப்பில் உள்ள ஆண்டை 1973 என்று அதே பக்கத்தில் திருத்தி வெளியிட வேண்டும். ‘இன்றைய மதிப்பு’ என்று அச்சானது உரிமையாளர் கேட்ட விலைதான் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். கட்டுரையாளர் மீது எனக்கு வருத்தம் இல்லை. கிட்டாரைத் திறந்து பார்ப்பது அவருடைய வேலை அல்ல. ஆனால் மதிப்பு என்ற சொல்லை அச்சில் ஏற்றும்போது, அந்த எண்ணைச் சொன்னவர் யார் என்பதைச் சேர்த்து எழுதுவது அவருடைய வேலை.

வள்ளியூர்த் தம்பி ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார். உரிமையாளர் ஒன்றேமுக்காலில் நிற்கிறார். இருவரும் முன்பணம் இல்லாமல் மாதக் கடைசி வரை தவணை வைத்துக்கொண்டு எழுந்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது உரிமையாளர் அந்த லேமினேஷன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீங்க எழுதிப் போடுங்க அண்ணாச்சி. அவங்க திருத்திப் போட்டாங்கன்னா, அதையும் லேமினேட் பண்ணி உள்ளயே வச்சிருதேன்.”

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை.